எபிசோட் 31: அம்மாவோட நாலரை கட்டை

(எபிசோடின் எடிட் செய்த எழுத்து வடிவம். கீபோர்டில் வாசித்துக் காட்டிய இடங்களை வார்த்தைகளில் எழுதியிருக்கிறோம்.)

இந்த வாரம் கோடிங் இல்லை, இன்டர்வியூ டிப்ஸ் இல்லை. மியூசிக் பத்திப் பேசப் போறோம்.

போன மாசம் ஒரு நண்பர் மெயில் பண்ணியிருந்தார். கிட்டார் வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சாம். பத்துப் பதினைந்து பாட்டு வாசிப்பாராம். "தியரி ஒண்ணும் தெரியாது ப்ரோ, வேலைக்குப் போறவன் எதைக் கத்துக்கிட்டா போதும்? புத்தகத்தைத் திறந்தா மூணாவது பக்கத்துல தூக்கம் வருது"ன்னு எழுதியிருந்தார். நான் மியூசிக் டீச்சர் கிடையாது. இன்ஜினியரிங் முடிச்சு, பகல்ல பேக்எண்ட் கோடு எழுதி, ராத்திரி ஹெட்போன் மாட்டிக்கிட்டு கீபோர்டு வாசிக்கிற ஆள். ஆனா இந்தக் கேள்விக்கு என்கிட்ட ஒரு பதில் இருக்கு. அது வந்த விதம் கொஞ்சம் அவமானமானது. அதையே முதல்ல சொல்லிடறேன்.

2020 லாக்டவுன்ல 61 கட்டை கீபோர்டு ஒண்ணு வாங்கினேன். யூடியூப்ல கலர் கலரா பட்டைகள் மேலேர்ந்து விழுமே, எந்தக் கட்டை மேல விழுதோ அதை அழுத்தணும், அந்த மாதிரி வீடியோ பார்த்துத்தான் கத்துக்கிட்டேன். ரெண்டு வருஷத்துல நாற்பது பாட்டு கைவசம். நண்பர்கள் வீட்டுக்கு வந்தா வாசிச்சுக் காட்டுவேன், கைதட்டுவாங்க. எனக்கு மியூசிக் தெரியும்னு நானே நம்பிட்டேன்.

அந்த வருஷம் நவராத்திரி. வீட்டில் கொலு. அம்மா கல்யாணத்துக்கு முன்னாடி வர்ணம் வரைக்கும் கர்நாடக சங்கீதம் கத்துக்கிட்டவங்க. அப்புறம் வேலை, நான், என் தங்கச்சின்னு பாட்டு சமையலறைக்குள்ளேயே நின்னுடுச்சு. வருஷத்துக்கு ஒன்பது நாள்தான் வெளியே வரும். அன்னிக்கு அத்தை, "புள்ளதான் கீபோர்டு வாசிக்கிறானே, ரெண்டு பேரும் சேர்ந்து பாடுங்களேன்"னு கிளப்பி விட்டாங்க. மோகன ராகத்துல ஒரு அம்மன் பாட்டு. அம்மா முணுமுணுத்துக் கேட்டுக் கேட்டு அதை நானும் கீபோர்டுல பிடிச்சு வெச்சிருந்தேன். சி, டி, இ, ஜி, ஏ. அஞ்சே கட்டை, எல்லாம் வெள்ளை. இதுல என்ன தப்பு வரப் போகுதுன்னு உட்கார்ந்தேன்.

அம்மா தொடையில தாளம் போட்டு ஆரம்பிச்சாங்க. நான் முதல் கட்டையை அழுத்தினேன். ரெண்டும் ஒட்டவே இல்லை. அம்மா வேற எங்கேயோ பாடறாங்க, நான் வேற எங்கேயோ இருக்கேன். அம்மா நிறுத்தி, "நீ எந்த சுருதிடா?"ன்னு கேட்டாங்க. எனக்கு அந்தக் கேள்வியே புரியலை. "நார்மல் சுருதிம்மா"ன்னேன். (சிரிப்பு.) ஆமா, அப்படித்தான் சொன்னேன்.

அம்மா ஒண்ணும் சொல்லாம, என் கட்டைக்கு அவங்க குரலைக் கொண்டு வந்தாங்க. கீழ் சி-யில ஆரம்பிச்சா பஞ்சமத்துக்குக் கீழே போற இடமெல்லாம் குரலே கேட்கலை. மேல் சி-க்கு மாத்தினா சரணத்துல குரல் உடைஞ்சுது. பாதியில நிறுத்திட்டு, எல்லாரையும் பார்த்துச் சிரிச்சு, "தொண்டை சரியில்லை"ன்னு சொல்லிட்டு சுண்டல் கொடுக்க எழுந்து போயிட்டாங்க.

தொண்டைக்கு ஒண்ணும் இல்லை. அது எனக்கும் தெரியும், அவங்களுக்கும் தெரியும். அதுக்கப்புறம் அந்த ஒன்பது நாளும் அம்மா பாடவே இல்லை.

சரி, அன்னிக்கு நடந்தது என்ன? அம்மாவோட சுருதி நாலரை கட்டை. இந்தக் கட்டைக் கணக்கு பலருக்கும் தெரியாது, ஆனா சுலபம். ஆர்மோனியத்துல சி-யில ஆரம்பிச்சு வெள்ளைக் கட்டைகளை எண்ணுங்க. சி ஒண்ணு, டி ரெண்டு, இ மூணு, எஃப் நாலு, ஜி அஞ்சு, ஏ ஆறு, பி ஏழு. நடுவுல வர்ற கறுப்புக் கட்டைகள் அரை. சி ஷார்ப் ஒன்றரை, எஃப் ஷார்ப் நாலரை. மூன்றரை கட்டைன்னு ஒண்ணு கிடையாது, ஏன்னா இ-க்கும் எஃப்-க்கும் நடுவுல கறுப்பே இல்லை. ஆக, அம்மாவோட 'ச' எஃப் ஷார்ப். என்னோட 'ச' சி. கீபோர்டுல இதைவிட அதிகமா விலகி இருக்கவே முடியாது. மேல போனாலும் ஆறு கட்டை, கீழ வந்தாலும் ஆறு கட்டை.

என் பிரச்சினையை நம்ம பாஷையில சொன்னா, நாற்பது பாட்டையும் ஹார்டுகோடு பண்ணி வெச்சிருந்தேன். 'ச'-வை ஒரு வேரியபிளா வெச்சிருக்கணும். நான் ஒவ்வொரு பாட்டிலும் நேரா சி-ன்னு எழுதி வெச்சிருந்தேன். "டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கே?"ன்னு கேட்பீங்க. இருந்துச்சு. எத்தனை தடவை தட்டணும்னு தெரியணுமே! எதிர்ல இருக்கறவங்க எந்த ஸ்வரத்துல நிக்கறாங்கன்னு காது சொன்னாத்தான் பட்டன் உதவும்.

அதனால மெயில் அனுப்பின நண்பரே, முதல்ல கத்துக்க வேண்டியது இடைவெளி. இங்கிலீஷ்ல இன்டர்வல்னு சொல்றது. ஒரு ஸ்வரத்துக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல எத்தனை அரைப்படி. கீபோர்டுல வெள்ளை, கறுப்பு எல்லாத்தையும் சேர்த்து எண்ணினா ஒரு ஸ்தாயிக்கு 12 கட்டை. கிட்டார்ல ஒரு ஃப்ரெட் ஒரு அரைப்படி, பன்னிரண்டாவது ஃப்ரெட்ல மேல் ஸ்தாயி வந்துடும். ச-விலிருந்து ப ஏழு படி. ம, அதாவது சுத்த மத்யமம், அஞ்சு படி. அந்தர காந்தாரம் நாலு, சாதாரண காந்தாரம் மூணு. இந்த மூணுக்கும் நாலுக்கும் உள்ள வித்தியாசம்தான் மேற்கத்திய இசையில மைனருக்கும் மேஜருக்கும் உள்ள வித்தியாசம்.

இது புரிஞ்சா ஸ்கேல் மனப்பாடம் பண்ற வேலை பெரும்பாலும் போயிடும். மேஜர் ஸ்கேல்னா 2, 2, 1, 2, 2, 2, 1 படி. எந்தக் கட்டையில ஆரம்பிச்சு இப்படி நடந்தாலும் அந்தக் கட்டையோட மேஜர் ஸ்கேல் கிடைக்கும். பாட்டு கிளாஸ் போன பசங்களுக்கு அது சங்கராபரணம், 29-வது மேளகர்த்தா. முத்துசாமி தீட்சிதர் பிரிட்டிஷ் பேண்ட் மெட்டுகளைக் கேட்டு சம்ஸ்கிருத சாகித்யம் போட்டாரே, நோட்டு ஸ்வரங்கள்னு சொல்வாங்க, அதெல்லாம் இந்த ஸ்வரங்கள்லதான் உட்காருது. மோகனத்துக்கு நடை 2, 2, 3, 2, 3. ச, ரி, க, ப, த, திரும்ப ச.

இப்போ இந்த நடையை நாலரை கட்டையில போட்டுப் பாருங்க. எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், ஏ ஷார்ப், சி ஷார்ப், டி ஷார்ப். (இங்கே ஆடியோவில் வாசித்துக் காட்டினேன்.)

என்ன விசேஷம்னு தெரியுதா? அஞ்சும் கறுப்புக் கட்டை. கீபோர்டுல இருக்கற கறுப்புக் கட்டை எல்லாமே மோகனம்! அன்னிக்கு கொலுவுல நான் கண்ணை மூடிக்கிட்டு கறுப்புக் கட்டைகளை மட்டும் தடவியிருந்தாலே அம்மாவோட பாட்டுக்குள்ள இருந்திருப்பேன். கறுப்புக் கட்டை கஷ்டம்னு யாரோ சொன்னதை நம்பி ரெண்டு வருஷம் அந்தப் பக்கமே போகலை. இதைக் கண்டுபிடிச்சது கொலு முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு, ராத்திரி ஒன்றரை மணிக்கு. எழுந்து போய் அம்மாவை எழுப்பிச் சொல்லலாமான்னு இருந்தது. எழுப்பலை.

இன்னொரு விளையாட்டும் இருக்கு. அதே கறுப்புக் கட்டைகள்ல ஜி ஷார்ப்பை 'ச'-ன்னு வெச்சுக்கிட்டா மத்யமாவதி வரும். ஏ ஷார்ப்பை வெச்சா இந்தோளம். சி ஷார்ப்பை வெச்சா சுத்த சாவேரி. டி ஷார்ப்பை வெச்சா சுத்த தன்யாசி. கர்நாடக சங்கீதத்துல இதுக்கு கிரக பேதம்னு பேர். அதே அஞ்சு கட்டைதான், 'ச' எதுன்னு மாத்தினதும் மனநிலையே மாறிடுது. 'ச' எதுன்னு தெரிஞ்சுக்கறது ஏன் அவ்வளவு முக்கியம்னு எனக்குப் புரிஞ்சது இங்கேதான்.

ஒரு எச்சரிக்கை. இது ஸ்வரங்களோட கணக்கு மட்டும்தான், ராகம் ஆகாது. கறுப்புக் கட்டைகளை எப்படித் தட்டினாலும் மோகனம்னு நான் சொன்னா அம்மா கரண்டியை எடுத்துட்டு வருவாங்க. எங்கே நிக்கணும், எதை அசைக்கணும், எந்தச் சொற்றொடர் ராகத்தோட முகம்னு காட்டும், இதெல்லாம் பாடிக் கேட்டு வர்ற விஷயம். எந்தப் பட்டியலும் கொடுக்காது.

அடுத்தது கார்டு. இங்கேதான் நிறைய பேர் மாட்டிக்கறாங்க, ஏன்னா நூறு கார்டு படம் போட்ட போஸ்டரை வாங்கி சுவத்துல ஒட்டிக்கறாங்க. தேவையில்லை. ஸ்கேல்ல ஒண்ணை எடு, ஒண்ணை விடு, ஒண்ணை எடு, ஒண்ணை விடு, ஒண்ணை எடு. ச, க, ப. அது முதல் கார்டு. ரி, ம, த ரெண்டாவது. இப்படியே போனா ஏழு கார்டு வரும். மேஜர் ஸ்கேல்ல 1, 4, 5 மூணும் மேஜர் கார்டு. 2, 3, 6 மைனர். ஏழாவது டிமினிஷ்டு, ஆரம்பத்துல அதை விட்டுடலாம்.

பாட்டை எழுத்தா ஞாபகம் வெச்சுக்காம நம்பரா ஞாபகம் வெச்சுக்கங்க. சி, ஜி, ஏ மைனர், எஃப்னு வாசிக்கிறீங்களா? அது 1-5-6-4. பாடறவங்க நாலரை கட்டைன்னு சொன்னா அதே 1-5-6-4 எஃப் ஷார்ப், சி ஷார்ப், டி ஷார்ப் மைனர், பி ஆயிடும். கிட்டார் நண்பர் கேப்போ போட்டுத் தப்பிச்சுக்கலாம், தப்பே இல்லை. எத்தனாவது ஃப்ரெட்லன்னு யோசிக்கத் தெரிஞ்சா போதும். இந்த நம்பர் பழக்கம் எனக்கு வர மூணு மாசம் ஆச்சு. பழைய நாற்பது பாட்டுல பன்னிரண்டை மட்டும் எடுத்து நம்பரா மாத்தி எழுதினேன். மீதியை மறந்தே போயிட்டேன், பெரிய நஷ்டமில்லை.

தாளத்தைப் பத்திச் சொல்லாம விட்டா அம்மா கோவிச்சுக்குவாங்க. அன்னிக்கு சுருதி சரியா இருந்திருந்தாக்கூட நான் தப்பாத்தான் ஆரம்பிச்சிருப்பேன். பாட்டு ஆதி தாளம். ஒரு தட்டு, மூணு விரல், அப்புறம் தட்டு-வீச்சு, தட்டு-வீச்சு, மொத்தம் எட்டு எண்ணிக்கை. ஆனா பாட்டு முதல் தட்டுல ஆரம்பிக்கலை. அரை இடம் தள்ளி எடுப்பு. நான் தட்டு விழுந்ததும் கட்டையை அழுத்திட்டேன். எந்தப் பாட்டாக இருந்தாலும் வாத்தியத்தைத் தொடறதுக்கு முன்னாடி கையால தாளம் போட்டு வாயால பாடிப் பாருங்க. அது வரலைன்னா விரல்லயும் வராது. தாளத்துக்குத் தனி எபிசோடே போடணும், அதனால இங்கே இதோட விடறேன்.

இப்போ எதை ஒத்திப் போடலாம்னு சொல்றேன். இது என் அபிப்பிராயம், டீச்சர்ஸ் சண்டைக்கு வரலாம். அஞ்சு கோட்டுல எழுதின ஸ்டாஃப் நொட்டேஷன் படிக்கறது முதல் வருஷத்துக்கு வேண்டாம். சர்ச் கொயர்ல பாடறீங்க, கிரேடு எக்ஸாம் எழுதப் போறீங்க, பியானோ கிளாசிக்கல்தான் ஆசைன்னா கட்டாயம் வேணும். சினிமாப் பாட்டு காதால கேட்டு வாசிக்கிறவருக்குக் காத்திருக்கலாம். சர்க்கிள் ஆஃப் ஃபிஃப்த்ஸும் அப்படித்தான். ஒரு ஆன்லைன் கோர்ஸ்ல முதல் வாரமே அந்த வட்டத்தைக் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொன்னாங்க, பண்ணினேன், ஒரு பாட்டுக்கும் உதவலை. ஒரு வருஷம் கழிச்சு அது தானாப் புரிஞ்சது.

நம்ம மாதிரி ஆளுங்களுக்கு இன்னொரு பொறி இருக்கு. தியரியே ஒரு போதை. 17-ம் நூற்றாண்டுல வேங்கடமகி தந்த 72 மேள அமைப்பைப் படிச்சதும் எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. ரி-க ஜோடி ஆறு விதம், த-நி ஜோடி ஆறு விதம், மத்யமம் ரெண்டு. 6 × 6 × 2, 72. சுத்தமான காம்பினேடரிக்ஸ்! பைத்தான்ல மூணு லூப் போட்டு 72-ஐயும் பிரிண்ட் பண்ணி, அழகா டேபிள் ஆக்கி, வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸ்ல போட்டேன். ரெண்டு வாரம் கீபோர்டைத் தொடவே இல்லை. 72-ல ஒண்ணைக்கூட என்னால பாட முடியாது, ஆனா கத்துக்கிட்ட திருப்தி மட்டும் முழுசா இருந்தது. நம்ம வயசுல ஒரு நாளைக்கு இதுக்குன்னு கிடைக்கிறது அரை மணி நேரம். அதுல டேபிள் போட்டா வாசிக்க நேரம் இல்லை.

ஆனா நமக்கு ஒரு வசதியும் இருக்கு. எட்டு வயசுப் பையனுக்கு இல்லாதது. இருபது வருஷமா கேட்ட பாட்டெல்லாம் காதுல இருக்கு. அது எல்லாத்துக்கும் பேர் வைக்கிற வேலைதான் மிச்சம். அதனால காதுப் பயிற்சியைத் தள்ளிப் போடாதீங்க. நான் செஞ்சது இதுதான். போன்ல தம்புரா ஆப் போட்டு, 'ச' பிடிச்சு, 'ப'-வுக்குத் தாவறது. தம்புராவிலேயே அந்த ரெண்டும் ஒலிச்சுக்கிட்டிருக்கும், அதனால தப்பினா உடனே தெரியும். அப்புறம் ச-க, ச-ம, ச-த. பைக்ல போகும்போது ஹெல்மெட்டுக்குள்ள பாடிட்டே போவேன். ஓஎம்ஆர் சிக்னல்ல பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பார்த்திருக்கார், பரவாயில்லை. நாலு மாசத்துல ஒரு பாட்டைக் கேட்டதும் 'ச' எதுன்னு பிடிக்கிற அளவுக்கு வந்துட்டேன். ஹோட்டல்ல, ஆட்டோவுல, எந்தப் பாட்டு ஓடினாலும் முதல்ல 'ச'-வைத்தான் தேடுவேன். இப்போ அது ஒரு வியாதி.

ஒருநாள் அம்மா என் அறைக்குள்ள வந்து கேட்டுட்டு, "எல்லாம் சரிடா, உன் பொட்டியில 'க' மட்டும் ஏதோ மாதிரி இருக்கு"ன்னாங்க. காது அப்படி! ஒரு காரணம், கட்டை அசையாது. கமகம் வராது. இன்னொரு காரணம் கணக்குல இருக்கு. கீபோர்டுல ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்கா வெட்டியிருக்காங்க, ஒவ்வொரு படிக்கும் அதிர்வெண் சுமார் 1.0595 மடங்கு ஏறும். அப்படிப் போனா 'ப' 1.4983 மடங்குல நிக்கும். தம்புராவோட இழையற 'ப' சரியா 1.5. கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆனா 'க' 1.2599. இயற்கையா இழையற 'க' 1.25. ஒரு அரைப்படியை நூறு பங்கா வெச்சா சுமார் 14 பங்கு தூக்கலா இருக்கு. எல்லாச் சுருதியிலும் ஒரே மாதிரி வாசிக்கிற வசதிக்காகக் கீபோர்டு கொடுக்கிற விலை இது. இது உங்களுக்குத் தெரியணும்னு அவசியமே இல்லை. அம்மா சொன்னது சரின்னு நிரூபிக்க எனக்குத் தேவைப்பட்டது, அவ்வளவுதான். அவங்களுக்கு நிரூபணம் தேவைப்படலை.

இந்த வருஷ கொலு பத்திச் சொல்லி முடிச்சுடறேன். அத்தை மறுபடியும் அதே மாதிரி கிளப்பி விட்டாங்க. அம்மா என்னைப் பார்த்தாங்க. "நீ ஆரம்பிம்மா, நான் பின்னாடி வரேன்"னு சொன்னேன். கறுப்புக் கட்டைகள் மேல விரலை வெச்சுத் தயாரா இருந்தேன். அம்மா தாளம் போட்டு எடுத்தாங்க, அரை இடம் தள்ளி. கேட்டதும் தெரிஞ்சு போச்சு, நாலரை இல்லை. நாலு கட்டை. ரெண்டு நாளா ஜலதோஷம், குரல் அரைப்படி இறங்கியிருக்கு. அவங்களுக்கே அது தெரிஞ்சிருக்காது. எஃப்-ல மோகனம்னா எஃப், ஜி, ஏ, சி, டி. அஞ்சும் வெள்ளை. முதல் வரி அவங்களைத் தனியாப் பாட விட்டுட்டு, விரலை அரைப்படி கீழே நகர்த்தி, ரெண்டாவது வரியில சேர்ந்துக்கிட்டேன்.

சரணத்துல குரல் உடையலை. முழுப் பாட்டும் பாடினாங்க. முடிஞ்சதும் அத்தை, "இன்னொண்ணு பாடு"ன்னாங்க. அம்மா கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டு, என்கிட்ட எந்தச் சுருதின்னு கேட்காமலே அடுத்ததை ஆரம்பிச்சுட்டாங்க.